ஆழமறி அளவைகள்

மட்டக்களப்பு என்னும் பெயரின் காரணத்தைப் பலரும் பலவாறு கூறுவர். களப்பு என்பது கடலை அடுத்துக் கிடக்கும் ஆழங் குறைந்த நீர்ப்பரப்பைச் சுட்டும் சொல் என்பதில் ஐயமில்லை. அதன் முன் நிற்கும் மட்டு என்பதே வாதத்துக்குரியது. எல்லை என்பார் சிலர். மட்டமாகக் கிடக்கும் களப்பு என்பார் வேறு சிலர். மட்டு என்பதற்கு அளவு என்னும் பொருளும் தமிழில் உண்டு. சொல்லாராய்ச்சி எங்ஙனம் முடியினும், அளவு என்னும் பொருள் இவ்வாவிக்கு நன்கு பொருந்துவதே. வாவியோடு வாழ்வோர்க்கு நாள்தோறும் எழும் வினா ஒன்று உண்டு: இவ்விடத்தில் நீர் எவ்வளவு ஆழம்?

வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் ஞாயிற்றின் போக்கைக் கொண்டே மக்கள் பெயரிட்டனர். இரு கரைகளையும் இணைக்கும் பாலங்கள் சிலவே. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே மக்களை ஏற்றிச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்றே இப்பகுதியார் வழங்குவர். நீரின்மேல் நகரும் ஒன்றுக்குப் பாதை என்று பெயரிட்ட நயம் பாராட்டத்தக்கது. வாவி பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. கோடையில் மணல் திரண்டு வாயிலை அடைக்கும். மாரியில் மேற்கிலிருந்து ஆறுகளும் ஓடைகளும் கொணரும் வெள்ளம் அம்மணலை உடைத்துக்கொண்டு செல்லும். உடைக்கத் தாமதித்தால் மக்கள் வெட்டிவிடுவர்.

எப்பொழுது வெட்டுவது என்பதே இடர்ப்பாடான வினா. வயலில் நீர் தேங்கும் உழவர் விரைவில் வெட்டவேண்டும் என்பர். மீனும் இறாலும் வளரும் நீரை நம்பியிருக்கும் மீனவர்க்கு அஃது எப்பொழுதும் உவப்பாயிராது. 2011ஆம் ஆண்டு சனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளத்தை அனுபவித்தோர்க்கு இது வெறும் கேள்வியாகத் தோன்றாது. வாவி இன்னும் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை முன்னரே கணித்தல் வேண்டுமாயின், அதன் அடித்தளத்தின் வடிவம் தெரிந்திருத்தல் வேண்டும். கணக்கு எளியது. நூறு சதுர கிலோமீற்றர் பரப்பில் ஆழத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் பிழையாக அளந்துவிட்டால், ஒரு கோடி கன மீற்றர் நீர் கணக்கில் தவறிப்போகும். ஒரு சாணுக்கும் குறைந்த பிழை ஊர்களை நனைக்கப் போதுமானது.

ஆழத்தை அறிய மனிதன் முதலிற் கைக்கொண்ட கருவி தொடுகையே. தோணி தள்ளுவோன் ஊன்றும் கோல் அவனுக்கு உந்துகருவியும் அளவுகோலுமாம். கோல் எட்டாத இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரு கைகளையும் விரித்த நீளமாகிய பாகத்தால் அளப்பர். மேனாட்டு மாலுமிகளும் இதே முறையையே, இதே அலகையே நெடுங்காலம் கையாண்டனர். உடலை அளவுகோலாகக் கொண்ட மக்கள் எங்கும் ஒரே முடிவுக்கு வந்தமை வியப்பன்று. தொடுகையின் குறை யாதெனில், ஒரு தடவையில் ஒரு புள்ளியை மட்டுமே அது அறியும் என்பது. ஐம்பத்தாறு கிலோமீற்றர் வாவியைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு முடிப்பது எந்நாள்? ஆதலின் தொடாது அறியும் வழிகளை மனிதன் நாடினான். அவற்றுள் இயற்கை அவனுக்கு முன்னரே அளித்திருந்தது இரு கண்களின் பார்வை.

கைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்க்குக. எதிர்க்கரைத் தென்னை அசையாது நிற்க, விரல் மட்டும் இடம் வலமாகத் தாவும். விரலை அருகே கொணரத் தாவல் பெருகும், அகற்றக் குறையும். இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர் தூரம் இருத்தலினால், ஒவ்வொன்றும் உலகைச் சிறிதே வேறுபட்ட கோணத்தில் காண்கின்றது. அவ்வேறுபாட்டினின்றே மூளை தூரத்தை உய்த்துணர்கின்றது. இவ்வுண்மையை 1838இல் இங்கிலாந்து அறிஞர் சாள்ஸ் வீற்ஸ்ரன் நிறுவினார். இரு கண்களுக்கும் தனித்தனியே இரு தட்டைப் படங்களைக் காட்டும் கருவி ஒன்றை அமைத்து, தட்டையான தாளில் ஆழம் தோன்றச் செய்தார் அவர்.

இதனையே இயந்திரத்துக்குக் கற்பித்தல் இருவிழிக் கணினிப் பார்வை எனப்படும். இங்கு ஆழம் என்னும் சொல் நீரின் ஆழத்தைக் குறியாது, கருவிக்கும் பொருளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறிக்கும் என்பதை மாணவர் மனத்திருத்துதல் வேண்டும். வானிலிருந்து வாவியை நோக்கும் கருவிக்கோ இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. இரு ஒளிப்படக் கருவிகளை ஒரு சட்டத்தில் அருகருகே பொருத்தினால், ஒரே பொருளின் விம்பம் இரு படங்களிலும் சற்று வேறான இடங்களில் விழும். அவ்விட வேறுபாட்டை அளந்துவிட்டால், இயல்பொத்த முக்கோணிகளின் விதி எஞ்சியதைத் தரும்: குவியத்தூரத்தைக் கருவிகளின் இடைத்தூரத்தாற் பெருக்கி, இட வேறுபாட்டால் வகுக்க வருவதே பொருளின் தூரம்.

எண்களைக் கொண்டு நோக்கினால் இம்முறையின் வலிமையும் மெலிவும் ஒருங்கே புலப்படும். கருவிகளின் இடைத்தூரம் 12 சென்ரிமீற்றர் என்றும், குவியத்தூரம் படப்புள்ளிகளாற் கணிக்க 700 என்றும் கொள்க. இரண்டு மீற்றர் தூரத்திலுள்ள பொருளின் இட வேறுபாடு 42 புள்ளி. இருபது மீற்றரில் 4.2 புள்ளி மட்டுமே. அளத்தலில் காற்புள்ளி பிழை நேர்ந்தால், இரண்டு மீற்றரில் தூரப்பிழை ஒன்றேகால் சென்ரிமீற்றருக்குள் அடங்கும். இருபது மீற்றரிலோ ஒன்றேகால் மீற்றரை அணுகும். தூரம் பத்து மடங்காகப் பிழை நூறு மடங்காயிற்று. இருவிழிப் பார்வை அண்மையைக் கூர்மையாகவும் சேய்மையை மங்கலாகவும் காண்பது. அவ்வாறு காண்பது கருவியின் குற்றமன்று, வடிவகணிதத்தின் நியதி.

இதனினும் பெரிய இடர் வேறொன்று. இடப்படத்திலுள்ள இந்தப் புள்ளிக்கு வலப்படத்தில் நேரானது எந்தப் புள்ளி? மனிதன் சிந்தியாமலே செய்யும் இச்செயல் இயந்திரத்துக்கு மிகக் கடினம். ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பேலா யூலெஸ், 1960இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெறும் புள்ளிகளைத் தாறுமாறாகத் தூவிய இரு படங்களைக் காட்டினார். தனித்தனியே நோக்க அவற்றில் எவ்வுருவமும் இல்லை. இரு கண்ணாலும் நோக்கவே நடுவிலொரு சதுரம் மிதந்து தோன்றிற்று. பொருளை இன்னதென அடையாளங் காணுமுன்னரே மூளை புள்ளிகளைப் பொருத்திவிடுகின்றது என்பது அதனால் துணியப்பட்டது. அதன் பின்னரே, பொருளறிவு இல்லாத இயந்திரமும் இதனைச் செய்யக்கூடும் என்னும் நம்பிக்கை வலுத்தது. டேவிட் மார், தொமாசோ பொஜ்ஜோ ஆகிய இருவரும் 1976இல் அதற்கொரு கணிப்புமுறை வகுத்தனர்.

எனினும் புள்ளிகளைப் பொருத்துதற்குப் படத்தில் ஏதேனும் ஒரு குறி வேண்டும். வெள்ளையடித்த சுவரில் எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியோடும் பொருந்தும். ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும் இடத்திலும் இயந்திரம் மயங்கும். கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தில் ஒன்றைப்போல் ஒன்றாய் நிற்கும் சட்டங்களை நினைத்தால் இது விளங்கும். இடப்படத்தின் மூன்றாஞ் சட்டத்தை வலப்படத்தின் நான்காஞ் சட்டத்தோடு பொருத்திவிட்டால், பாலம் உள்ள இடத்தில் இல்லாது வேறோரிடத்தில் நிற்பதாகக் கணக்கு வரும்.

நீர்ப்பரப்போ இருவிழிப் பார்வைக்குப் பெரும் பகை. காற்றடங்கிய வேளையில் வாவி ஓர் ஆடி. அதில் தலைகீழாகத் தோன்றும் பாலத்தின் விம்பத்தை இரு கருவிகளும் பிழையின்றிக் காணும். புள்ளிகளும் செவ்வனே பொருந்தும். கணக்கும் சரியாகவே முடியும். முடிவு யாதெனில், நீரின் கீழே இன்னொரு பாலம் தலைகீழாக நிற்கின்றது என்பதாம்! இங்கே இயந்திரம் எந்தப் படியிலும் தவறவில்லை. ஆயினும் அது கண்டது பொய். காற்று வீசும்போதோ, அலைதோறும் மின்னும் ஒளித்துணுக்குகள் இரு கருவிகளுக்கும் வெவ்வேறிடத்தில் தோன்றும். நீர் தெளிந்திருந்து அடித்தளமே தெரிந்தாலும் சிக்கல் தீராது. ஒளி நீரிலிருந்து வெளிப்படும்போது முறிவடைதலால், நேர் மேலிருந்து நோக்குவார்க்கு ஆழம் முக்காற் பங்காகவே தோற்றும். கரையிற் காத்திருக்கும் கொக்கு இதனைக் கற்றே இரை கொத்துகின்றது. இயந்திரத்துக்கு முறிவுச் சுட்டியை எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

கண் தோற்ற இடத்தில் செவி உதவும். மட்டக்களப்பார்க்கு இது புதுமையன்று. நிலாக்காலத்திற் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, சவளை நீரில் அமிழ்த்தி அதன் மேன்முனையைக் காதோடு வைத்துப் பாடும் மீனின் இசையைக் கேட்கும் வழக்கம் புகழ்பெற்றது. காற்றில் கேளாத ஒலி நீரின் வழியாகவும் மரத்தின் வழியாகவும் எளிதிற் செல்லும். எதிரொலிமானி இவ்வியல்பையே பயன்கொள்ளுகின்றது. படகின் அடியிலிருந்து கழியொலித் துடிப்பொன்றை அனுப்பி, அது அடித்தளத்திற் பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது அது. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் செல்லும். ஒன்றரை மீற்றர் ஆழத்துக்குப் போய் மீள 500இல் ஒரு பங்கு செக்கன் போதும். முதல் உலகப் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் நோக்கத்துடன் பிரான்சில் போல் லான்ஜெவன் முதலியோர் வளர்த்த நுட்பம் இது. 1925 தொடக்கம் 1927 வரை 'மெற்றியோர்' என்னும் ஜேர்மன் ஆய்வுக்கப்பல் தென் அத்திலாந்திக் கடலின் அடித்தளத்தை எதிரொலியாலேயே அளந்தது.

கலங்கிய நீர் எதிரொலிக்குத் தடையன்று, இருளும் தடையன்று. ஆயினும் அதற்கும் தன் குறைகள் உண்டு. ஒலியின் வேகம் நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் பொறுத்து மாறும். 30 பாகை வெப்பத்தில் நன்னீரிற் செக்கனுக்கு ஏறக்குறைய 1509 மீற்றராகவும், கடல்நீரில் 1546 மீற்றராகவும் இருக்கும். மாரியில் நன்னீரும், கோடையில் முகத்துவாரம் திறந்திருக்குங்கால் உவர்நீரும் நிறையும் வாவியில், ஒரே எண்ணை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு மீற்றர் ஆழத்தில் ஐந்து சென்ரிமீற்றர் வரை பிழை நேரும். மேலே கூறிய கோடிக் கணக்கில் இது பாதி. ஒலித்துடிப்பு கூம்பாக விரிவதும் ஒரு குறையே. இருபது பாகைக் கூம்பு இரண்டு மீற்றர் ஆழத்தில் எழுபது சென்ரிமீற்றர் அகலமான வட்டத்தைத் தொடும். அவ்வட்டத்துள் உள்ள மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். முழங்காலளவு நீரிலோ, அனுப்பிய ஒலி அடங்குமுன்னரே எதிரொலி வந்து சேர்வதால் கருவி குழம்பும். நீர்ப்பாசிகள் அடர்ந்த இடத்தில் பாசியின் தலையையே அடித்தளமென்று சொல்லும்.

ஒலிக்குப் பதிலாக ஒளியை அனுப்பி நேரத்தை அளப்பது இன்னொரு முறை. ஒளி ஒரு மீற்றர் சென்று மீள ஒரு செக்கனின் நூறு கோடியில் ஏழு பங்கும் ஆகாது. அத்துணை நுண்ணிய நேரத்தையும் அளக்கும் கருவிகள் இன்று கைத்தொலைபேசியினுள்ளும் அமைந்துவிட்டன. இம்முறைக்குப் படத்திற் குறி வேண்டியதில்லை. வெள்ளைச் சுவரையும் தயங்காது அளக்கும். ஆனால் ஞாயிற்றொளி மிகுந்த வெளியில் சிறு கருவிகள் திணறும். கருமையான பொருளிலிருந்து தெறித்து மீளும் ஒளி போதாது. இரு கண்களின் படம் தரும் நுண்ணிய விளிம்புகளையும் அது தராது. 2010இல் விளையாட்டுக் கருவியாக வெளிவந்த கினெக்ற், கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ் ஒளிப்புள்ளிகளைச் சுவரிலே தூவி, குறியில்லாத சுவருக்குக் குறியை உண்டாக்கிற்று. யூலெஸின் புள்ளிகள் தாளை விட்டு வீட்டுக்குள் இறங்கியதாக இதனைக் கொள்ளலாம்.

ஒன்றின் குறை மற்றொன்றின் நிறைவாயிருத்தலின், இவற்றைச் சேர்த்தால் என்ன என்பது இயல்பாக எழும் எண்ணம். சேர்ப்பது எப்படி என்பதிலேதான் அறிவு வேண்டும். சராசரி கண்டு ஆற்றில் இறங்கிய கணக்கனின் கதை யாவரும் அறிந்ததே. கரையில் முழங்கால், நடுவில் ஆளுயரம், சராசரி இடுப்பளவு என்று கணக்கிட்டுக் குடும்பத்தை நடத்திச் சென்றானாம். இரு கருவிகள் ஒரே பொருளைப் பற்றி மாறுபட்ட எண்களைக் கூறினால், நடுவெண்ணை எடுத்துக்கொள்வது பலகாலும் அக்கணக்கனின் செயலே.

செம்மையான வழியை 1805இல் லெஜாந்தரும், 1809இல் கௌஸும் வெளியிட்ட இழிவு வர்க்க முறை காட்டிற்று. எந்த அளவை உறுதியானதோ அதற்கு மிகுந்த நிறையும், எது தளம்புவதோ அதற்குக் குறைந்த நிறையும் கொடுத்தல் வேண்டும். நிறை, நியம விலகலின் வர்க்கத்துக்கு நேர்மாறாயிருத்தல் வேண்டும். இருவிழிக் கருவி 10.4 மீற்றர் என்று கூற, அதன் நியம விலகல் 40 சென்ரிமீற்றர் என்க. ஒளிநேரக் கருவி 10.1 மீற்றர் என்று கூற, அதன் நியம விலகல் 10 சென்ரிமீற்றர் என்க. நிறைகள் ஒன்றுக்குப் பதினாறு என்னும் விகிதத்தில் அமைய, முடிவு 10.12 மீற்றர். நல்ல கருவியின் சொல் சற்றே அசைந்ததன்றி வேறில்லை. இரண்டும் ஒத்த திறமுடையனவாயின் 10 சென்ரிமீற்றர்ப் பிழை 7 ஆகக் குறையும். அவ்வளவே. சேர்க்கையால் விளையும் நன்மை இதுவே என்றால், இரண்டாவது கருவிக்குச் செலவிடும் பணம் வீண் என்று கருதுவாரும் இருப்பர்.

நன்மை வேறிடத்தில் உள்ளது. நம் தருக்க நூலார் காட்சியளவையை ஆராயுங்கால் அதன் குற்றங்களை ஐயம், திரிபு என இரண்டாக வகுத்தனர். தூணோ மகனோ என்று துணியாது நிற்பது ஐயம்; கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. கருவிகளின் பிழைகளும் இவ்விரு வகையுள் அடங்குவனவே. எண் சற்று இங்குமங்கும் தளம்புவது ஐயம். கௌஸின் நிறைகள் அதனைத் தணிக்கும். நீருக்கடியில் தலைகீழ்ப் பாலத்தைக் காண்பது திரிபு. அதனை எந்தச் சராசரியும் தணிக்காது, உண்மையையும் கெடுக்கும். திரிபைத் தனிக் கருவி தானே அறிய முடியாது. வேறொரு புலன் வந்து மறுத்துரைத்தாலன்றி அது வெளிப்படாது. பாம்பெனக் கண்ட கண்ணைக் கோலால் தொட்டுப் பார்த்த கை திருத்துகின்றது. ஒரே இயல்புடைய இரு கருவிகளைச் சேர்ப்பதால் இப்பயன் கிட்டாது என்பதும் இதனாற் பெறப்படும். இரண்டும் ஒரே பாம்பையே காணும். கண்ணோடு கண்ணைச் சேர்ப்பதிலும் கண்ணோடு செவியைச் சேர்ப்பது நன்று.

மனித மூளையே இவ்வழி ஒழுகுவதை மாக் ஏர்ன்ஸ்ற், மாட்டின் பாங்ஸ் என்போர் 2002இல் சோதனையாற் காட்டினர். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் கையாலும் ஒருங்கே அறியச் செய்து, காட்சியைப் படிப்படியாக மங்கலாக்கினர். மங்க மங்க, மக்கள் தம்மையறியாமலே கைக்கு மிகுந்த நிறை கொடுத்தனர். கௌஸின் விதி எழுதப்படுமுன்னரே மூளையில் இருந்தது போலும்.

கருவிகளைச் சேர்க்கும்போது இன்னொன்றிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆறு உறங்குகின்றதா விழித்திருக்கின்றதா என்றறிய ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்தான். அது சுரீரென்றது, ஆறு விழித்திருக்கின்றதென்று அஞ்சி ஓடினான். பின்னர் அணைந்துபோன அதே கட்டையை வைத்தபோது ஓசையில்லை. ஆறு உறங்கிவிட்டதென மகிழ்ந்து யாவரும் இறங்கினர். மாறியது ஆறன்று, அளவுகருவி. வெயிலிற் சட்டம் விரிந்து கருவிகளின் இடைத்தூரம் மயிரிழை மாறினும், உவர்நீருக்கு அமைத்த எதிரொலிமானியை நன்னீரில் இறக்கினும், நேர்வது சீடனின் ஆராய்ச்சியே. நாள்தோறும் அறிந்த ஆழமொன்றில் கருவியை ஒப்புநோக்கும் வழக்கம் அளவையாளரிடம் உள்ளதன் காரணம் இது.

இனி, மிகச் சுவையான செய்தி ஒன்று. இரு அளவைகள் மாறுபட்டால் ஒன்று தவறென்றே முடிவு செய்தல் பொருந்தாது. இரண்டும் உண்மையாயிருந்து வெவ்வேறு பொருளை அளந்திருக்கவும் கூடும். வாவியின் சேற்றுத்தரையில் எதிரொலிமானி ஒன்றரை மீற்றர் என்று கூறும். கோலை ஊன்றினால் அது இன்னும் இரு சாண் இறங்கும். எதிரொலி சேற்றின் மேற்பரப்பைக் கண்டது. கோல் உறுதியான தரையைக் கண்டது. வேறுபாடே சேற்றின் தடிப்பு. மேல்நிலத்து மண் எவ்வளவு வாவியிற் படிந்துள்ளதென்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வேறுபாடு பொன்னினும் அரிது. உயர் அதிர்வெண்ணும் தாழ் அதிர்வெண்ணும் ஆகிய இரு ஒலிகளை ஒருங்கே அனுப்பும் எதிரொலிமானிகள் இந்நுட்பத்தையே இயந்திரமாக்கியவை. உயர் ஒலி சேற்றின் முகத்திலே தெறிக்கும், தாழ் ஒலி ஊடுருவிச் செல்லும்.

வானிலிருந்து அளப்போரும் இவ்வாறே செய்வர். வானூர்தியிலிருந்து செங்கீழ் லேசரையும் பச்சை லேசரையும் அனுப்பினால், முன்னது நீரின் மேற்பரப்பிலேயே மீளும். பின்னது உட்புகுந்து அடித்தளத்தைத் தொட்டு மீளும். இரு நேரங்களின் வேறுபாடு, நீரில் ஒளி முக்காற்பங்கு வேகத்திற் செல்வதைக் கணக்கிற் கொண்டால், ஆழத்தைத் தரும். கரையோரக் கண்டற்காடுகளில் இருவிழிப் படம் மரங்களின் தலையைக் காண, இலைகளினூடே புகும் லேசர்க் கதிர் நிலத்தைக் காணும். வேறுபாடு மரத்தின் உயரம். 2018 செத்தெம்பரில் ஏவப்பட்ட ஐஸ்சாற்-2 என்னும் அமெரிக்கச் செய்மதி, பனிப்பாறைகளை அளப்பதற்காக அனுப்பப்பட்டதாயினும், அதன் பச்சை லேசர் தெளிந்த கடல்நீரில் நாற்பது மீற்றர் வரை அடித்தளத்தைக் கண்டுவிட்டது. பாசிக்குடாவின் தெளிந்த கடலுக்கு ஏற்றது இம்முறை. மாரியிற் கலங்கும் வாவிக்கு ஏற்றதன்று. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகளால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேமிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பதோ ஐம்பது மீற்றரை அடுத்த ஆழத்தில். அங்கே ஒளி எட்டாது, ஒலியே எட்டும்.

இந்தியா 2005 மே மாதத்தில் ஏவிய காட்டோசாற்-1 செய்மதி, முன்னோக்கிய ஒரு கண்ணும் பின்னோக்கிய ஒரு கண்ணுமாக இரு கருவிகளைத் தாங்கிச் சென்று, நிலத்தின் மேடுபள்ளங்களைப் படம் பிடித்தது. அச்செய்மதியின் இரு கண்களுக்கும் இடைத்தூரம் சென்ரிமீற்றர் கணக்கன்று. ஒரே இடத்தை முதலில் ஒரு கண்ணும், அடுத்த நிமிடத்தில் மறு கண்ணும் பார்க்குமுன் செய்மதி கடந்த நூற்றுக்கணக்கான கிலோமீற்றரே இடைத்தூரம். 2019இற் சந்திரனில் இறங்க முயன்ற விக்ரம் கலம் வீழ்ந்தது. 2023 ஓகஸ்ட் 23இல் இறங்கிய சந்திரயான்-3இன் கலமோ லேசர் உயரமானி, வானொலி உயரமானி, லேசர் வேகமானி, இடர் காணும் ஒளிப்படக் கருவி என்பவற்றை ஒருங்கே கொண்டிருந்தது. இறங்கும் கலத்துக்குத் தவறைத் திருத்திக்கொள்ள நேரமில்லை. ஒரு புலன் தவறினும் மற்றொன்று உடனே மறுத்துரைத்தல் வேண்டும். அத்தகைய இயங்கும் கலங்களில் அளவைகளைக் கணந்தோறும் சேர்க்கும் கணிதம் 1960இல் ருடோல்ஃப் கல்மன் வகுத்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மீள்வோம் எனின், சேர்க்கையின் கடுஞ்சோதனை நீர்க்கரையிலே காத்திருக்கின்றது. நிலத்தை வானிலிருந்து அளப்போர் நீர் தொடங்குமிடத்தில் நிறுத்திக்கொள்வர். நீரைப் படகிலிருந்து அளப்போர் படகு தரைதட்டுமிடத்தில் நிறுத்திக்கொள்வர். இடையிலே முழங்கால் நீரும் சேறும் பாசியுமாய் ஒரு பட்டை எவர் படத்திலும் அடங்காது வெறுமையாய் நிற்கும். வெள்ளம் முதலிற் பரவுவதோ அப்பட்டையின் வழியே.

படங்கள் இரண்டும் எவ்வாறோ தொட்டுக்கொண்டாலும், உயரங்கள் தொட்டுக்கொள்ளுமா என்பது அடுத்த ஐயம். படகிலிருப்போர் அன்றைய நீர்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கின்றனர். அம்மட்டம் மழையாலும் வாயிலின் நிலையாலும் கடலேற்றத்தாலும் மாறும். வானிலிருந்து அளப்போர், செய்மதி வழிகாட்டலைக் கொண்டு, பூமியை ஓர் ஒழுங்கான நீள்கோளமாகக் கற்பித்து அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தைக் கணிக்கின்றனர். உண்மையான கடல்மட்டமோ அந்த ஒழுங்கைப் பின்பற்றுவதன்று. பூமியின் ஈர்ப்பு இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே உலகிலேயே மிகக் குறைந்துள்ளமையால், அங்கே கடல்மட்டம் கற்பித்த கோளத்தினும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கின்றது. மட்டக்களப்பும் அப்பெரும் பள்ளத்தின் விளிம்பிலேயே உள்ளது. ஆகவே கல்லடிக் கரையில் நிற்கும் ஒருவரின் கருவி, திருத்தம் செய்யாவிடின், அவர் தொண்ணூறு மீற்றருக்கும் மேலான ஆழத்தில் நிற்பதாகக் கூறும். நூறு மீற்றர்ப் பிழையை எவரும் கண்டுகொள்வர். அத்திருத்தத்தில் எஞ்சும் சாணளவுப் பிழையே எவர் கண்ணுக்கும் படாது படத்திற் புகுந்துவிடும். இரு புலன்களைச் சேர்க்குமுன் இரண்டுக்கும் ஒரே பூச்சியம் வேண்டும். பாலத் தூண்களில் நீர்மட்டக்கோல் ஒன்றைப் பொறித்து, அதனை நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியோடு இணைத்து, படகும் வானூர்தியும் அதற்கே கட்டுப்படுமாறு செய்தல் இதற்குரிய வழி.

முகத்துவாரத்தின் மணற்றிடலோ ஆண்டுதோறும் இடம் மாறுவது. 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலை ஒரே காலையில் கரையின் வடிவத்தை மாற்றிச் சென்றதும் நினைக்கத்தக்கது. ஆதலின் ஒருமுறை வரைந்த படம் அடுத்த மாரிக்கு உதவாது. கோடையில் மணற்றிடல் வெயிலிற் காய்ந்து கிடக்கும்போது, ஆளில்லாச் சிறு வானூர்தியின் ஒளிப்படங்களே அதனை அளக்கப் போதும். காலடியும் சிப்பியும் காற்றுக் கோலமும் நிறைந்த மணலில் இருவிழிப் பார்வைக்குக் குறிகளுக்குக் குறைவில்லை. ஓடும் நீரின் ஆழமான வாய்க்காலை எதிரொலிமானி பூட்டிய படகு அளக்கும். அளக்கப் புறப்படுமுன் நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் அன்றன்றே குறித்தல் வேண்டும். பாசி அடர்ந்த ஓரப்பட்டையில் ஒளியும் ஒலியும் பயன்படா. அங்கே தோணியை மெல்லச் செலுத்தி, குறியிட்ட கோலை ஊன்றியே அளத்தல் வேண்டும். கோல் சேற்றைத் தொட்ட அளவையும், அமிழ்ந்து நின்ற அளவையும் இரண்டு நிரல்களில் வேறுவேறாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.